உழைத்தவர் பெயர் நிலைக்கட்டும்

நாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்கள் பலவும் பலரது கூட்டு உழைப்பால் உருவானவை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடித்தளமாக விளங்கும் லினக்ஸ் இதற்குச் சிறந்த சான்று. 1991ஆம் ஆண்டு, ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதைத் தொடங்கினார். இதன் நிரல்களை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இத்தகைய மென்பொருளைத் 'திறந்த மூல மென்பொருள்' என்பர். உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோர் லினக்ஸுக்குப் பங்களித்துள்ளனர்.

பங்களிப்போருள் சிலர் தாம் பணியாற்றும் நிறுவனத்திடம் ஊதியம் பெறுகின்றனர். வேறு சிலரோ ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி உழைக்கின்றனர். அவர்களுக்குப் பெயர்ப் பதிவே பெரிய கைம்மாறாகும். வேலை தேடும் இளைஞருக்கு அது திறமைச் சான்றாக அமைகிறது. பிழை தோன்றினால், யாரிடம் விளக்கம் கேட்கலாம் என்பதையும் அது காட்டுகிறது.

எனினும், பெயர்கள் எளிதில் மறைந்துவிடக்கூடும். ஒருவர் அனுப்பிய திருத்தத்தைத் திட்டப் பொறுப்பாளர் சற்று மாற்றித் தம் பெயரில் சேர்த்துவிட்டால், முதலில் எழுதியவரின் உழைப்பு வெளியே தெரியாமற்போகும். இதைத் தவிர்க்க வழிகள் உள்ளன. டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு உருவாக்கிய 'கிட்' என்னும் மென்பொருள், நிரலை எழுதியவரின் பெயரையும் அதைத் திட்டத்தில் சேர்த்தவரின் பெயரையும் தனித்தனியே பதிவுசெய்கிறது. லினக்ஸ் திட்டத்தில் பிழையைத் தெரிவித்தவர், சோதித்தவர், சரிபார்த்தவர் ஆகியோரின் பெயர்களையும் திருத்தக் குறிப்பில் எழுதும் வழக்கம் உண்டு. எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியான நிரலைப் பகிர்வோர், அதன் பதிப்புரிமைக் குறிப்பையும் உடன் சேர்த்தே பகிர வேண்டும்.

ஒருவரின் பங்கை எப்படி அளப்பது? நிரல்வரிகளை எண்ணினால் மட்டும் போதாது. நூறு வரிகளை ஒரே நாளில் எழுதிவிடலாம். ஒற்றை வரியில் ஒளிந்திருக்கும் பிழையைக் கண்டறியப் பல வாரங்கள் ஆகலாம். கையேடு எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் ஒரு வரி நிரல்கூட எழுதாமல் இருக்கலாம். ஆயினும், அவர்கள் இல்லையெனில் அம்மென்பொருளைப் பலரால் பயன்படுத்த இயலாது. ஆகவே, யார் என்ன செய்தார் என்று வகைப்படுத்திக் குறிப்பிடுவதே நேர்மையான முறையாகும்.

பள்ளியில் நாம் செய்யும் குழுப்பணிக்கும் இது பொருந்தும். முன்னால் நின்று படைத்தவரோடு, தகவல் திரட்டியவரையும் பிழை திருத்தியவரையும் மறவாமல் குறிப்பிடுவோம். அடுத்த பணிக்கும் அவர்கள் மனமுவந்து முன்வருவார்கள்.