சைனஸின் அடியில் துளை போட்டாலும் சளி மேலே ஏறுவது ஏன்?

கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையில் சளி தேங்கினால், அடியில் துளை போட்டால் வடிந்துவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? பழைய அறுவை சிகிச்சையில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் சளியோ அந்தப் புது வழியை விட்டுவிட்டு மேலேயே ஏறியது!

காரணம், அந்த அறையின் இயற்கையான வாசல் மேலே, கண்ணுக்குச் சற்றுக் கீழே, மூக்கை ஒட்டிய சுவரில் இருக்கிறது. அகலம் சில மில்லிமீட்டர்தான்.

சளி எப்படி ஏறுகிறது? கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவார்களே, அப்படித்தான். உட்சுவரிலுள்ள நுண்மயிர்கள் சளியை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, எப்போதும் அந்த வாசலுக்கே தள்ளுகின்றன.

இந்தப் பாதையை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர மருத்துவர் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் விரிவாக ஆராய்ந்தார். அதனால்தான் இன்று எண்டோஸ்கோப் வழியாக அந்த இயற்கை வாசலையே அகலப்படுத்துகிறார்கள்.

வாசல் பெரிதானதும் இன்னொரு நன்மையும் உண்டு. மூக்கைக் கழுவும் உப்பு நீர் இப்போது அறைக்குள்ளேயே போகும்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நுண்மயிர்கள் தேறி வர வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அதுவரை தேங்கும் சளியை அந்த நீர்தான் வெளியேற்றுகிறது. ஆகவே மருத்துவர் சொன்ன நாள்வரை, கொதிக்க வைத்து ஆறிய நீரில் கலந்த உப்பு நீராலேயே கழுவுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.