கடலுக்கு இருபுறமும் ஓர் அணில்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளைச் சேவிக்கக் கூட்டம் அலைமோதும். சேவித்துவிட்டு மேற்கே திரும்பினால் தொடர்மலை கண்ணை நிறைக்கும். அதுவும் அவன் சந்நிதிதான். அந்த மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பிலும், ராஜபாளையம் அய்யனார் கோவில் காட்டிலும் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. அதைக் காக்கவே 1988இல் சரணாலயம் அமைத்தார்கள். 2021இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது.

முற்றத்து அணிலை மனத்தில் வைத்துக்கொண்டு இதைத் தேடினால் கண்ணில் படாது. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை, உடலின் நீளத்துக்கு ஈடான வால், நரை தூவிய சாம்பல் முதுகு. விடியற்காலையில் பேச்சை நிறுத்தி, தலையை உயர்த்தி நிற்க வேண்டும். கவட்டையில் இலையும் குச்சியும் சேர்த்துக் கட்டிய பெரிய கூடு தெரியும். கீழே கடித்துப் போட்ட பழத்தோல் விழும்.

அது தின்னும் அழகே அழகு! கிளைக்குக் குறுக்கே பின்னங்கால்களை ஊன்றிக்கொள்ளும். முன்னுடல் ஒரு பக்கம், வால் மறு பக்கம். தராசுத் தட்டுகள்போல் இரண்டும் சமனாகும். கைகள் இரண்டும் பழத்தைப் பற்ற விடுபட்டுவிடும். அந்த வாலின் எடையை அளந்து வைத்தவன் கணக்கு பிசகாதவன்.

உலகில் இந்த அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. மரவாசியான இது பாக் நீரிணையை எப்படித் தாண்டியது? தாண்டவே வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆழமில்லாத நீரிணை அன்று வெறும் தரை. பனி உருகிக் கடல் ஏறியதும் இலங்கை தீவானது. ஒரே குலம் இரு கரையில் பிரிந்தது.

தீவு உண்டாகக் கடல்தான் வர வேண்டும் என்பதில்லை. இந்த அணில் தரையில் இறங்க அஞ்சும். கிளையோடு கிளை கோத்த உச்சிவழியே போய்வரும். ஓடைக்கரையில் நாலு மரம் வெட்டுண்டால், அந்த இடைவெளியே அதற்குச் சமுத்திரம். ஆண்டவன் கோத்துக் கொடுத்த பந்தலை அறுக்க நமக்கு ஒரு பகல் போதும்; மறுபடி கோக்க ஒரு தலைமுறை ஆகும்.

சேதுவுக்கு மணல் சுமந்த அணிலை ராமன் தடவிக்கொடுத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அந்தப் பிள்ளைகளை வனத்துறை அனுமதிக்கும் பாதையில் அழைத்துப்போய், உயிரோடு இருக்கும் இந்த அணிலையும் காட்டுங்கள். அடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவர்கள் காட்டையொட்டிய மாமரத்தையும் புளியமரத்தையும் நிற்க விடுங்கள். பெருமாளுக்குச் செய்யும் கைங்கரியத்தில் இதுவும் சேரும்.