மூளையின் அலையும் அலைபாயும் மனமும்

ஓரிடத்தில் நில்லாமல் ஓடித் திரியும் குழந்தையை நம் வீடுகளில் 'வாலு' என்பார்கள். 'காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன்' என்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை செல்லப் பெயர்களே. வயது ஏற ஏற அவர்களுடைய துடுக்கும் அடங்கிவிடும். ஆனால் சில குழந்தைகளின் நிலை வேறு. எடுத்த வேலையை முடிக்க அவர்களால் இயலாது. கேள்வி முடியும் முன்பே விடையைச் சொல்லிவிடுவார்கள். புத்தகத்தைத் திறந்த மறுகணம் மனம் சன்னலுக்கு வெளியே போய்விடும். அவர்கள் வகுப்பிலே வசையும் வீட்டிலே அடியும் வாங்குகிறார்கள். நாளடைவில் 'நான் எதற்கும் உதவாதவன்' என்று தாமே நம்பத் தொடங்குகிறார்கள். அதுதான் எல்லாவற்றினும் பெரிய கேடு.

இந்நிலைக்கு மருத்துவர்கள் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாக வழங்குவதும் இதுவே. இது நேற்றுக் கண்டுபிடித்த நோயன்று. 1902ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் லண்டனில் இத்தகைய குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். துறுதுறுப்பு உள்ளவர் எல்லாரும் இக்கோளாறு உடையவர் அல்லர். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்; 6 மாதங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும்; வீட்டில் மட்டுமோ பள்ளியில் மட்டுமோ அல்லாமல் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும்; வாழ்க்கைக்கு இடையூறாகவும் இருக்க வேண்டும். இதற்குப் பெரிதும் காரணம் பரம்பரைக் கூறுகள். தாயின் வளர்ப்பைப் பழிப்பது அறியாமை.

இக்குழந்தைகளுக்கு மருந்தில்லாமலே குணம் தருவதாகச் சொல்லப்படும் முறை ஒன்று உண்டு. நியூரோஃபீட்பேக் என்பது அதன் பெயர். மூளை அலைப் பயிற்சி என்று நாம் தமிழில் சொல்லலாம். அஃது எத்தகையது? அதனால் உண்மையில் பயன் உண்டா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

மூளையிலுள்ள நரம்பணுக்கள் மின்சாரத்தின் துணையாலேயே வேலை செய்கின்றன. ஜெர்மனியில் யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மண்டையின் மீது மின்முனைகளை வைத்து அந்த மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கங்களைப் பதிவு செய்தார். 1929இல் அதை உலகுக்கு வெளியிட்டார். அப்பதிவில் தோன்றும் அலைகள் ஒரே வேகமுடையன அல்ல. வினாடிக்கு 4 முதல் 8 முறை எழுந்து விழுபவை தீட்டா அலைகள்; தூக்கக் கலக்கத்தில் இவை மிகும். 8 முதல் 13 வரை ஆல்ஃபா. கண்ணை மூடி அமைதியாக இருக்கையில் தோன்றுபவை. அதற்கு மேல் 30 வரை பீட்டா. மனம் ஊன்றி ஒரு வேலையில் ஈடுபடும்போது காணப்படுபவை.

இந்த அலைகளை நாமே விரும்பி மாற்ற இயலுமா? இக்கேள்விக்கு முதலில் விடை தந்தவற்றுள் பூனைகளும் உண்டு! 1960களில் கலிபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் என்னும் ஆராய்ச்சியாளர், ஒரு குறிப்பிட்ட அலை மூளையில் தோன்றும்போதெல்லாம் பூனைக்கு உணவு கிடைக்கும்படி செய்தார். உடலை அசைக்காமல் விழிப்போடு காத்திருக்கும்போது எழும் அலை அது. சில நாட்களில் பூனைகள் அவ்வலையை அடிக்கடி எழுப்பக் கற்றுக்கொண்டன. பின்னர், வலிப்பை உண்டாக்கும் ராக்கெட் எரிபொருள் ஒன்றைப் பற்றிய சோதனையில், இப்பயிற்சி பெற்ற பூனைகள் மற்றவற்றைக் காட்டிலும் வலிப்பைத் தாக்குப்பிடித்தன. இதைக் கண்டு மனிதரின் வலிப்பு நோய்க்கும் பயிற்சியைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். டென்னசி பல்கலைக்கழகத்து ஜோயல் லூபார் 1976இல் மிகையியக்கமுள்ள ஒரு குழந்தைக்கு அளித்த பயிற்சியைப் பற்றி எழுதினார். இன்றைய முறை பிறந்தது இவ்வாறே.

பயிற்சி நடைபெறும் விதம் எளியது. குழந்தையின் தலையில் மின்முனைகளை ஒட்டிக் கணிப்பொறிக்கு முன் உட்கார வைக்கிறார்கள். திரையிலே ஒரு விளையாட்டோ படமோ ஓடுகிறது. தீட்டா குறைந்து பீட்டா கூடினால் படம் தெளிவாக ஓடும். மாறினால் மங்கும் அல்லது நிற்கும். குழந்தைக்கு வலியில்லை, மூளைக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதுமில்லை. மூளையின் நிலையைக் கண்ணாடிபோல் காட்டுவது மட்டுமே கருவியின் வேலை. இவ்வாறு வழக்கமாக 30, 40 முறை நடைபெறும். இக்கோளாறுள்ள குழந்தைகளிற் பலருக்குத் தீட்டா மிகுந்தும் பீட்டா குறைந்தும் இருப்பதாக முன்பு கருதினார்கள். அதைச் சரிசெய்தால் கவனமும் சரியாகும் என்பது கொள்கை. பிற்கால ஆராய்ச்சிகளில் அந்த வேறுபாடு எல்லாக் குழந்தைகளிடமும் காணப்படவில்லை.

பயிற்சி முடிந்தபின் பெற்றோரைக் கேட்டால், 'பிள்ளை எவ்வளவோ தேறிவிட்டான்' என்றே பலர் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயினும், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததுண்டு. பழம் விழுந்தது மெய், காக்கைதான் வீழ்த்தியது என்பது மெய்யா? இதை அறிய விஞ்ஞானத்தில் ஒரு வழியுண்டு. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு உண்மைப் பயிற்சி. மற்றதற்கு அதே நாற்காலி, அதே திரை, அதே நேரம், ஆனால் போலிப் பயிற்சி. எது யாருக்கு என்பது குழந்தைக்கும் தெரியக்கூடாது. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரியக்கூடாது.

அமெரிக்காவில் இவ்வாறு நடந்த பெரிய சோதனையின் முடிவு 2021இல் வெளியாயிற்று. 7 முதல் 10 வயது வரையுள்ள 142 குழந்தைகள் அதில் கலந்துகொண்டார்கள். தீட்டா மிகுந்த குழந்தைகளையே தேர்ந்தெடுத்தார்கள். 38 முறை பயிற்சி நடந்தது. போலிப் பிரிவினரின் திரையை இயக்கியவை முன்பே பதிவு செய்து வைத்த அலைகள். முடிவு என்ன? உண்மைப் பயிற்சி பெற்றவர்களின் கவனம் நன்கு முன்னேறியது. போலிப் பயிற்சி பெற்றவர்களுடையதும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறியது! 13 மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் கவனத்தில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. உண்மைப் பிரிவினருக்கு அப்போது மருந்து சற்றுக் குறைவாகத் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னர் 38 சோதனைகளையும் 2,472 பேரையும் சேர்த்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2024ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. எந்தச் சிகிச்சை என்று அறியாதவர்கள் மதிப்பிட்டபோது, மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பயனில்லை என்றே அதுவும் கூறிற்று. நிலைபெற்ற சில முறைகளில் மட்டும் சிறிதளவு பயன் தென்பட்டது.

அப்படியானால் போலிப் பிரிவுக் குழந்தைகளும் தேறியது எப்படி? சற்றே எண்ணிப் பாருங்கள். முறை தவறாமல் ஒருவர் அக்குழந்தையின் அருகில் அமர்கிறார். அசையாமல் உட்கார்ந்தால் பாராட்டுகிறார். வசை இல்லை, அடி இல்லை. பெற்றோரும் நம்பிக்கையோடு அழைத்து வருகிறார்கள். சிறு முன்னேற்றத்தையும் கண்டு மகிழ்கிறார்கள். தொல்லை உச்சத்தில் இருக்கும்போதே மருத்துவம் தேடுகிறோம். உச்சத்திலிருப்பது தானே சற்றுத் தணிவதும் இயற்கை. தேறியதில் எந்தப் பங்கு எதனுடையது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஆனால் மூளை அலையை மாற்றியதுதான் காரணம் என்று சொல்வதற்குச் சான்று போதாது.

பயன் தருவன என்று நன்கு சோதிக்கப்பட்டவை வேறு உள்ளன. 1937இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி, ஊக்க மருந்து ஒன்று குழந்தைகளின் படிப்பையும் நடத்தையையும் சீராக்குவதைக் கண்டார். இன்று பெரிதும் வழங்கும் மெதில்ஃபெனிடேட்டும் அவ்வகையினதே. பசி குறைதல், தூக்கம் கெடுதல் போன்ற பக்க விளைவுகள் உண்டாகலாம். ஆகையால் மருத்துவரின் மேற்பார்வையிலேயே கொடுக்க வேண்டும். இத்துடன் பெற்றோருக்கான பயிற்சியும் உண்டு. வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுப்பது, நல்லது செய்தவுடனே பாராட்டுவது, வீட்டில் ஓர் ஒழுங்கை மாற்றாமல் காப்பது ஆகியவை அதில் அடங்கும். வகுப்பில் முன் வரிசையில் இடம் கொடுப்பதும் உதவும். சிறு குழந்தைகளுக்கு மருந்துக்கு முன்பே இவற்றைத் தொடங்குவது வழக்கம். ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும் என்பது நம் நாட்டு அறிவு அல்லவா?

நம் சங்கத்து நண்பர்களிற் பலர் ஊரைவிட்டு வந்து படிப்பவர்கள். தம்பிக்கோ அக்காள் மகனுக்கோ இப்படி ஒரு தொல்லை இருந்தால், 'நீ படித்தவனாயிற்றே, இந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?' என்று வீட்டார் நம்மைத்தான் கேட்பார்கள். அப்போது மூன்று செய்திகளை எழுதுங்கள். முதலாவது, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் முறையாகக் காட்டி, கோளாறு உண்டா என்று அறிந்துகொள்ளுங்கள். இரண்டாவது, பயிற்சி பெரும்பாலும் தீங்கற்றதுதான். ஆனால் அதை நம்பி நடந்துகொண்டிருக்கும் மருத்துவத்தை நிறுத்தாதீர்கள், கடன் வாங்காதீர்கள். மூன்றாவது, பணம் கட்டுவதற்கு முன், போலிப் பயிற்சியோடு ஒப்பிட்ட சோதனையில் உங்கள் முறை வென்றதா என்று கேளுங்கள். நேர்மையானவர் இக்கேள்விக்குச் சினங்கொள்ள மாட்டார்.

வாரத்தில் சில மணி நேரம் ஒருவர் பொறுமையோடு அருகில் அமர்ந்து, சிறு வெற்றியையும் கண்டு பாராட்டுவதற்குக் கணிப்பொறியும் மின்முனையும் தேவையில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நாமே அதைச் செய்யலாம். 'வாலு' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு அது மருத்துவத்துக்கு ஈடாகாது. எனினும், தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் அவன் நெஞ்சில் வேரூன்றாமல் காக்கும்.