உங்களுக்குத் தெரியுமா? ரத்தம் அல்ல, பொருக்கு!

1986-இல் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகள் ஐஸ் பெட்டியில் ரயிலேறிக் காட்பாடி வந்திறங்கின. அவற்றைச் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகப் பிடிபட்டது, வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில்.

ஆனால் குரங்கம்மையைக் கண்டறிய ரத்தம் அவ்வளவாக உதவாது. கிருமி அதில் சில நாளே தங்கும். கொப்புளத்தை அழுத்தித் துடைத்த பஞ்சுக்குச்சி, உரிந்த பொருக்கு, இவைதான் பி.சி.ஆர். சோதனைக்கு வேண்டும். அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட புண்களிலிருந்து. 2022 ஜூலையில் கேரளத்தின் கொல்லத்தில் கண்ட நாட்டின் முதல் தொற்று, புனே தேசிய வைராலஜி நிறுவனத்தில் உறுதியானது.

முடிவு வரட்டும் என்று மருத்துவமனை காத்திருக்கக் கூடாது. சந்தேகம் எழுந்ததுமே தனி அறை, மூடிய கதவு. உள்ளே போகிறவருக்குக் கையுறை, மேலங்கி, என்95 முகக்கவசம், கண்காப்பு. படுக்கை விரிப்பை உதறவே கூடாது (நம் வீட்டுப் பழக்கம் அது!). உதிரும் பொருக்கில் கிருமி இருக்கும்.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளில் சுண்ணாம்பும் குரோமியமும் கையைப் புண்ணாக்குவது பழைய கதை. அந்தப் புண் பிறருக்குத் தொற்றாது. ஆனால் காய்ச்சலும் நெறிக்கட்டும் சேர்ந்து, உள்ளங்கையிலும் கொப்புளம் கண்டால், அண்மைப் பயணத்தையும் நெருங்கிப் பழகியவர்களையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.