குழாய் நிறைந்தால்தான் கணக்கு

மும்பை செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருக்கிறேன். மின்காந்த ஓட்டமானியை நாங்கள் ‘மேக் மீட்டர்’ என்போம். பயிற்சிக்கு வரும் பையன்கள் கழற்றிய மீட்டருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “உள்ளே ஒண்ணுமே இல்லையேண்ணா, எது அளக்குது?” என்று கேட்பார்கள். அதன் பெருமையே அதுதான். சுழலும் சக்கரம் இல்லாததால் கழிவுநீர், சேற்றுநீர், அமிலம் எதுவும் தடையின்றிப் போகும்.

குழாயை ஒட்டி வெளியே கம்பிச் சுருள்கள் இருக்கும். அவற்றில் மின்சாரம் பாய்ந்தால் குழாய்க்குக் குறுக்கே காந்தப்புலம் உண்டாகும். அதன் ஊடே மின்கடத்தும் நீர் ஓடும்போது, 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தூண்டல் விதிப்படி, நீரில் மின்னழுத்தம் பிறக்கிறது. இருபக்கச் சுவரிலும் பதித்த எலக்ட்ரோடுகள் அதை எடுக்கின்றன. வேகம் இரட்டித்தால் மின்னழுத்தமும் இரட்டிக்கும். 300 மி.மீ. குழாயில், 10 மில்லிடெஸ்லா புலத்தில், நொடிக்கு 1 மீட்டர் ஓட்டத்துக்குக் கிடைப்பது 3 மில்லிவோல்ட்தான். டார்ச் செல்லில் ஐந்நூறில் ஒரு பங்கு. உலோகச் சுவர் அதையும் விழுங்கிவிடாதபடி உள்ளே ரப்பரோ டெஃப்லானோ பூசியிருப்பார்கள்.

ஃபாரடே 1832-ல் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் 960 அடிக் கம்பி இழுத்து, தேம்ஸ் ஆற்றில் தகடுகளை இறக்கி, பூமியின் காந்தத்தை வைத்தே இதைக் காண முயன்றார். நம்பும்படியான அளவு கிடைக்கவில்லை. உலோகம் நீரில் பட்டாலே பொய் மின்னழுத்தம் ஒன்று எழும். இன்றைய மீட்டர் காந்தத்தின் திசையை நொடிக்குப் பலமுறை மாற்றுகிறது. ஓட்டத்தால் பிறந்த அழுத்தம் கூடவே திசை மாறும். பொய் அழுத்தம் மாறாது. இரண்டையும் பிரித்துவிடலாம்.

மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளின் பெட்ரோல், டீசலை இந்த மீட்டரால் அளக்க முடியாது. அவை போதிய அளவு மின்சாரம் கடத்துவதில்லை. பாய்லருக்குப் போகும், உப்பு நீக்கிய டி.எம். தண்ணீரும் அப்படித்தான். சென்டிமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோசீமென்ஸ் கடத்துதிறனாவது வேண்டும்.

இன்னொரு நிபந்தனை நம் ஊருக்கு மிக முக்கியம். மீட்டர் அறிவது வேகத்தை மட்டுமே. குழாய் நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு அதை முழுப் பரப்பால் பெருக்குகிறது. 1892 முதல் தான்சா ஏரித் தண்ணீர் கொண்டுவரும் பெருங்குழாய்கள் போல நிறைந்து ஓடும் இடத்தில் கணக்கு சரியாக வரும். தாராவியில் பல சந்துகளுக்குச் சில மணி நேரமே தண்ணீர். வால்வு திறந்ததும் முதலில் காற்றுதான் பாயும். சக்கர மீட்டர் அதற்கும் சுற்றும். வெற்றுக்குழாயை உணரும் வசதி இருந்தால் மேக் மீட்டர் காற்றை எண்ணாது. ஆனால் எலக்ட்ரோடைத் தொடுமளவுக்கு மட்டும் நீர் இருந்தால், உண்மையைவிடக் கூட்டிச் சொல்லும்.

அதனால்தான் குழாயின் தாழ்ந்த வளைவிலோ, நீர் மேலேறும் செங்குத்துப் பகுதியிலோ அதைப் பொருத்தச் சொல்கிறோம். முன்னே குழாய் விட்டத்தின் ஐந்து மடங்காவது நேரான நீளம் விடுகிறோம். இவ்வளவு செய்தாலும், தண்ணீர் குறைந்த தெருவில்தான் கணக்கு தவறும் வாய்ப்பு அதிகம். நீரை நியாயமாகப் பங்கிட நல்ல மீட்டர் மட்டும் போதாது. கடைசிச் சந்து வரை குழாய் நிறைந்திருக்க வேண்டும். அது நகரத்தின் கடமை.