பெர்சியஸில் ஒரு வெடிப்பு

1901 பிப்ரவரியில் பெர்சியஸ் விண்மீன் குழுவில் புதிதாக முளைத்த வெளிச்சத்தை முதலில் கண்டவர், எடின்பரோவின் தாமஸ் ஆண்டர்சன். வானியல் அவருக்குத் தொழில் அன்று. ஆனால் வானம் மனப்பாடம். 1892-இல் வேறொரு நோவாவை, அதாவது திடீரென வெடித்து ஒளிரும் விண்மீனை, கண்டபோது, அதை ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் பெயர் போடாமலே ஸ்காட்லாந்தின் அரசு வானியலாளருக்கு அனுப்பியவர். இம்முறை கண்டது, ஓரிரு நாட்களில் வானின் மிகப் பிரகாசமான விண்மீன்களுக்கு ஈடாக ஒளிர்ந்தது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் யெர்க்ஸ், லிக் ஆய்வகங்களில் அதைப் படமெடுத்தார்கள். கண்ணாடித் தட்டு மணிக்கணக்கில் ஒளி வாங்கவேண்டும். அதுவரை தொலைநோக்கி இம்மியும் விலகாதபடி ஓர் ஆள் கண் வைத்திருக்கவேண்டும். தட்டில் நோவாவைச் சுற்றி ஒரு மூட்டம் விழுந்தது. சில வாரங்கள் கழித்து எடுத்த தட்டில் அது வெகுதூரம் நகர்ந்திருந்தது. வெடித்த பொருள் அத்தனை வேகத்தில் ஓட வழியே இல்லை. ஓடியது வெடிப்பின் ஒளி, அது முன்பே அங்கிருந்த தூசியை வரிசையாக வெளிச்சமாக்கிக்கொண்டு போகிறது என்றார் வானியலாளர் காப்டெய்ன். விண்மீன் உண்மையில் உமிழ்ந்த பொருளைக் காண 1916 வரை பொறுத்திருக்கவேண்டியிருந்தது; கண்டவர் வானியலாளர் பர்னார்டு.

நிறமாலை அன்றும் எடுத்தார்கள். அது வெடித்துச் சிதறிய பொருள் மொத்தத்துக்கும் சேர்த்து ஒன்று. இன்றோ அந்தச் சிதறலில் திரண்டிருக்கும் முடிச்சு ஒவ்வொன்றுக்கும் தனி நிறமாலை. இருநூறுக்கும் மேற்பட்ட முடிச்சுகளின் வேகத்தை அளந்து, சிதறலின் முப்பரிமாண வடிவத்தையே வரைந்துவிட்டார்கள். பெரும்பாலானவை நொடிக்கு 600 முதல் 1,000 கிலோமீட்டர். நூறாண்டு ஓடியும் அவ்வளவாகத் தளரவில்லை.

வானத்தை மனப்பாடம் செய்யும் அவசியம் இப்போது குறைந்துவிட்டது. இரவுதோறும் தானியங்கிக் கேமராக்களே துழாவுகின்றன. கவனிப்பு பெருகியது, கவனிப்பவருக்கும் வானத்துக்குமான பழக்கம் அருகியது. அதை வெறும் ஏக்கம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் ஆண்டர்சனின் கண்ணுக்கு எக்ஸ் கதிர் எட்டியிருக்காது. சந்திரா விண்தொலைநோக்கி 2000-இலும் 2013-இலும் அதே சிதறலை எக்ஸ் கதிரில் பார்த்தது. இடைப்பட்ட காலத்தில் அது ஏறத்தாழ 14,500 கோடி கிலோமீட்டர் விரிந்திருந்தது. எக்ஸ் கதிர் ஒளி சுமார் 40 விழுக்காடு மங்கியிருந்தது. இந்த அளவுக்கும் இரண்டு படங்கள் தேவைப்பட்டன, நடுவில் 13 ஆண்டுகளும்.