அருவியும் கூடாரமும்

வீடு கட்டக் கற்பதற்கு முன்னரே மனிதன் தங்கக் கற்றுக்கொண்டான். இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூண்டிக்கு அருகில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலறிஞர் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பின்னர் நடந்த அகழாய்வில் கிடைத்தவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. நீருக்கு அருகே தங்கவேண்டும் என்னும் ஆசை அத்தனை பழையது போலும்!

அந்த ஆசை இன்று நம் மாணவரிடையே புது வடிவம் கொண்டிருக்கிறது. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் வரும் இளைஞர்கள், விடுமுறை வந்தால் கூடாரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அருவியைத் தேடிப் புறப்படுகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயின், "சார், அருவிக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடிக்கலாமா?" என்று என் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டபோது, ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. எங்கே, எப்போது, எவ்வாறு என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தெரிந்தவர் அடிக்கலாம். அவ்விடைகளைப் புவியியல் படித்தவன் என்ற முறையில் இங்கே கூற முற்படுகிறேன்.

பாசறை முதல் பை வரை

கூடாரம் நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டில் 103 அடிகளே உள்ளன. அவற்றுள் ஒரு பகுதியை நப்பூதனார் பாசறைக்கு ஒதுக்கியிருக்கிறார். காட்டாறு சூழ்ந்த முல்லை நிலம், புதர்களை வெட்டி அகற்றிய இடம், சுற்றிலும் முள்வேலி, வில்லை ஊன்றிக் கயிறு கட்டி அமைத்த இருக்கைகள், நடுவே அரசனுக்குத் துணியால் அமைந்த பாடிவீடு. இடத்தைத் தேர்ந்து, காவல் வகுத்து, கயிற்றை இழுத்துக் கட்டுதல் என்னும் முகாம் கலையின் கூறுகள் யாவும் அதில் அடங்கியுள்ளன.

படைக்கு உரியதாக இருந்த கூடாரத்தைப் பொழுதுபோக்குக்கு உரியதாக்கியவர்களுள் முதன்மையானவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்னும் ஆங்கிலேயர். தொழிலால் அவர் தையற்காரர். மிதிவண்டியில் எடுத்துச் செல்லத்தக்க எடை குறைந்த கூடாரங்களை உருவாக்கி, 1901-இல் மிதிவண்டி முகாமினருக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1907-இல் பேடன் பவல், பிரவுன்சீ தீவில் சிறுவர்களைக் கூட்டி நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் பிறந்தது. நம்மில் பலருக்கு முதற் கூடாரத்தை அறிமுகம் செய்தது தேசிய மாணவர் படை முகாம். அங்கே கூடாரம் லாரியில் வரும். சோறும் லாரியில் வரும். காட்டு அருவிக்குச் செல்லும்போது நிலைமை வேறு.

நடந்து செல்லும் முகாம்

வண்டி போகாத இடத்து முகாமுக்குச் செல்வோன் வீட்டையும் அடுப்பையும் படுக்கையையும் தானே சுமக்கவேண்டும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமையை ஏற்றாதிருப்பது நன்று. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் கூடாரம், கனமான போர்வை, இரு வேளை உணவு, குடிநீர், டார்ச் விளக்கு, கயிறு, முதலுதவிப் பொருள்கள் ஆகியவற்றுக்குப் பின் மிஞ்சும் இடம் சிறிதே.

சுமையைவிட முக்கியமானது ஒன்றுண்டு. மூன்று மணி நேரம் நடந்து சென்ற இடத்துக்கு உதவியும் மூன்று மணி நேரம் நடந்துதான் வரவேண்டும். பல பள்ளத்தாக்குகளில் கைபேசி பேசாது. ஆகவே எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டிலும் வனத்துறையிடமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படவேண்டும்.

எங்கே அடிப்பது?

நமக்கு அண்மையில் உள்ள அருவி மலைகள் நாகலாபுரம் மலைத்தொடரைச் சேர்ந்தவை. திருநின்றவூர், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகச் சென்றால் ஆந்திர எல்லைக்கு அப்பால் இருக்கிறது நாகலாபுரம். கிருஷ்ணதேவராயரின் தாயார் பெயரால் அமைந்த ஊர் என்பர். தடா அருவி என்று நாம் அழைக்கும் உப்பலமடுகு அதற்குக் கிழக்கே உள்ளது. அப்பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது: தெலுங்கில் மடுகு என்பது தமிழில் மடு. விழும் நீர் அடிப்பாறையைக் குடைந்து ஆழமாக்கிய குளமே மடு. மேலே அமைதியாகத் தோன்றினும் அருவி விழும் இடத்தில் நீர் சுழன்று உள்ளிழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் அங்கே திணறுவர்.

இம்மலைகளில் கடினமான பாறையே மிகுதி. மண் போர்வை மெல்லியது. பெய்த மழையை உறிஞ்சி வைக்க இடமில்லாததால் நீர் விரைந்து ஓடைக்கு வந்துவிடும். நாம் படுத்திருக்கும் இடத்தில் விண்மீன்கள் தெரியும். ஐந்து கிலோமீட்டர் மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும். இவ்வுண்மை நம் பகுதி மக்களுக்கு அனுபவப் பாடமாகவே கிடைத்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடையாற்றில் பெருகியபோது, தம் தெருவில் பெய்யாத மழையும் தம் வீட்டுக்குள் வரும் என்பதைக் கரையோர மக்கள் கண்டனர். 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. நீரின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆதலின் முழங்காலளவு நீர்தானே என்று எண்ணுவது பேதைமை.

2012-ஆம் ஆண்டு தை மாதத்தில், நான் மாணவனாக இருந்தபோது, அனுமதி பெற்ற ஒரு குழுவுடன் நாகலாபுரம் மலையில் ஓர் இரவு தங்கினேன். ஓடையருகே மெத்தை விரித்தாற்போல வெண்மணல் திட்டு ஒன்று இருந்தது. எங்கள் பேராசிரியர் அதன் மீது நின்றுகொண்டு, "மேலே பாருங்கள்" என்றார். எங்கள் தலைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், புங்கமரக் கிளையில் காய்ந்த சருகும் வைக்கோலும் கற்றையாகச் சிக்கியிருந்தன. உடன் வந்த ஊர்ப் பெரியவர், "ஐப்பசியில தண்ணி அங்க வரைக்கும் வந்துச்சு தம்பி. மணலை யாரு இங்க கொண்டாந்து போட்டாங்கன்னு நெனைக்கிறீங்க?" என்றார். இடம் தேர்தலைப் பற்றி அதைவிடச் சுருக்கமான பாடத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. நாங்கள் கரையேறி, மேட்டில் கூடாரம் அடித்தோம்.

இதிலிருந்து கொள்ளத்தக்க விதிகள் எளியவை. வெள்ளம் விட்டுச் சென்ற சருகுக் கோட்டுக்கு மேலே இடம் தேர்க. நீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளியிருக்க. ஓடையைக் கடக்காமல் ஊருக்குத் திரும்பும் வழி உள்ள கரையில் தங்குக. இரவில் நீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், அருவியின் ஓசை மாறினாலும், பொருள்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுக.

தள்ளித் தங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அருவியின் அடியில் அதன் இரைச்சல் நண்பரின் கூக்குரலையும் விழுங்கிவிடும். நீர்த்திவலை துணிகளை நனைக்கும். குளிர்ந்த காற்று இரவில் பள்ளத்தில் வந்து தேங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் அந்நீர் விலங்குகளுக்கு உரியது. அவை வரும் வழியை நாம் அடைத்தல் ஆகாது.

எப்போது செல்வது?

நம் பகுதிக்கு மழை தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெள்ள அச்சம். மாசிக்குப் பின் புல் காய்ந்து தீ அச்சம். இரண்டுக்கும் இடையே, மழை ஓய்ந்து அருவி வற்றாத சில வாரங்களே உகந்த காலம். தை மாதத்தை ஒட்டிய நாள்கள் என்று பொதுவாகக் கூறலாம். அப்போதும் வானிலை அறிக்கையைக் கேட்டறிந்தே புறப்படவேண்டும்.

தீயின் கொடுமையை நாம் மறக்கலாகாது. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து, மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னையிலிருந்து சென்ற இளைஞர்களும் அவர்களுள் இருந்தனர். சரிவில் தீ கீழ்நோக்கிச் செல்வதைக் காட்டிலும் மேல்நோக்கி மிக விரைந்து செல்லும். சுவாலை மேலுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடுகிறது. மேட்டை நோக்கி ஓடுபவரைத் தீ முந்திவிடும். ஆகவே காய்ந்த புல்வெளியில் முகாமிடுதல் கூடாது. காட்டில் விறகுத் தீ மூட்டுதலும் கூடாது. வெள்ளத்துக்கு மேட்டுக்கு ஏறுக என்றேன்; தீக்கோ பாறைவெளியையும் ஓடைப் படுகையையும் நாடுக. இரண்டு பகைகளும் இருவேறு வழிகளைக் கேட்கின்றன. கூடாரம் அடிக்குமுன் இரு வழிகளையும் பகலிலேயே நடந்து பார்த்துவிடவேண்டும்.

அவ்விபத்துக்குப் பின் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, வழிகாட்டிகளுடன் அழைத்துச் செல்லும் திட்டத்தைத் தொடங்கிற்று. நம் மாவட்டத்துக் குடியம் குகைகளும் அதில் உள. தமிழகமாயினும் ஆந்திரமாயினும் காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம். பகலில் அனுமதிக்கும் இடம் இரவிலும் அனுமதிக்கும் என்று கொள்ளலாகாது. கேட்டறிந்து, இல்லையென்றால் திரும்பிவிடுவதே அறிவுடைமை.

எவ்வாறு அடிப்பது?

நிலம் சற்றே சரிந்திருப்பின் தலையை உயர்ந்த பக்கம் வைத்துப் படுக்கலாம். பட்ட கிளைகள் தொங்கும் மரத்தடியைத் தவிர்க்க. கீழ்விரிப்பு கூடாரத்துக்கு வெளியே நீண்டிருந்தால் மழைநீரை ஏந்தி உள்ளே அனுப்பும். அதை உட்பக்கம் மடித்துவிடுக. முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் தலை சாயுமாறு அடிக்க. பாறையில் முளை இறங்காது. அங்கே பெருங்கற்களில் கயிற்றைக் கட்டலாம். விடியலில் உட்புறம் நனைந்திருந்தால் மழை ஒழுகியதெனப் பலர் எண்ணுவர். நம் மூச்சின் ஈரமே குளிர்ந்த துணியில் படிந்து நீராகிறது. காற்றுத் துளைகளைத் திறந்து வைத்தால் இது குறையும். உணவைக் கூடாரத்தினுள் வைத்தால் குரங்கும் எலியும் எறும்பும் விருந்தினராக வரும். காலையில் காலணியை உதறிய பின்னரே அணிக. ஓடை நீரைக் கொதிவந்த பின்னும் ஒரு நிமிடமேனும் காய்ச்சிக் குடிக்க.

விட்டு வருவது என்ன?

எடுத்துச் சென்ற நெகிழி யாவும் நம்முடனே திரும்பவேண்டும். சோப்பை அருவியில் கரைத்தல் தகாது. கழிப்பிடம் நீரிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால், ஒரு சாண் குழி தோண்டி, மூடிவிடுவதாக அமையட்டும். நகரி மலைப்பக்கத்து மழையில் ஒரு பகுதி நகரியாறாகி, கொசஸ்தலையில் கலந்து, பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து சென்னையின் குழாய்களுக்கு வருகிறது. மலையில் நாம் கழுவியதை நாமே குடிக்க நேரிடலாம் என்பது வெறும் வேடிக்கைப் பேச்சன்று.

மாணவ நண்பர்களே! அடுத்த விடுமுறைக்கு முன் ஒரு மாலையில், வகுப்புகள் முடிந்தபின், நம் கல்லூரி மைதானத்தில் கூடாரத்தை ஒருமுறை விரியுங்கள். இருட்டிய பிறகு விளக்கின்றி அதை மீண்டும் அடித்துப் பாருங்கள். வேப்பமரத்தடியில் செய்யும் தவறு கேலியோடு போகும். காட்டில் செய்யும் தவறு அவ்வாறு போகாது. அப்பயிற்சிக்கு நான் வருகிறேன். கயிறும் கொண்டு வருகிறேன்.